ஒரு சொல், பல கதவுகள்

ஒரு மொழியின் சொல்லுக்கு வேறொரு மொழியில் முற்றிலும் நிகரான சொல் கிடைப்பது அரிது. அகராதி இரு சொற்களை இணைத்துக் காட்டும். அவற்றின் எல்லைகள் வேறு என்பதைப் பயன்பாடே உணர்த்தும். சீனர்கள் ‘ஓப்பன்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் கற்கும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

கதவிலிருந்து விளக்கு வரை

திறத்தலைக் குறிக்கும் சீனச் சொல் ‘கை’ என்பதாகும். அதன் பழைய எழுத்தில் கதவைக் குறிக்கும் உறுப்பு இருந்தது. 1956ஆம் ஆண்டின் எழுத்து எளிமையாக்கத் திட்டம் அதனை நீக்கியது. கதவைத் திறத்தல், விளக்கை ஏற்றுதல், மகிழுந்தை ஓட்டுதல், கூட்டம் நடத்துதல், பூ மலர்தல் ஆகிய அனைத்திற்கும் சீனத்தில் இச்சொல்லே வினையாகிறது.

ஆங்கிலத்திலோ கதவுக்கும் பூவுக்கும் மட்டுமே ‘ஓப்பன்’ பொருந்தும். மகிழுந்துக்கு ‘டிரைவ்’ வரும். விளக்குக்கு ‘டர்ன் ஆன்’ வரும். எரிவளி விளக்குகளின் குமிழைத் திருகிய காலத்து வழக்கு, மின்விளக்கு வந்த பின்னும் நிலைத்துவிட்டது. எனவே, சீன மாணவர் ‘ஓப்பன் தி லைட்’ என்பது சிந்தனைக் குறைவால் அன்று. தம் தாய்மொழியின் ஒழுங்கை அவர் பின்பற்றுகிறார்.

மறைந்திருக்கும் பிழை

‘ஓப்பன் எ மீட்டிங்’ என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும், அது கூட்டத்தைத் தொடங்கிவைத்தலையே குறிக்கும். நடத்தி முடித்தலைக் குறிக்காது. கேட்போர் வேறு பொருள் கொள்வர், திருத்தமாட்டார். அதுபோலவே, கடை திறந்திருந்தால் ‘ஓப்பன்’ என்பர். மூடியிருந்தால் ‘குளோஸ்ட்’ எனல் வேண்டும். ‘குளோஸ்’ என எழுதினால், கடை அருகில் உள்ளது என்றே பொருள்படும்.

சொல்லின் துணை

ஒரு சொல்லின் பொருளை அதனுடன் வரும் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்றார் மொழியியலறிஞர் ஜே.ஆர். ஃபிர்த். ‘விளக்கைப் போடு’ என்னும் நம் வழக்கை அப்படியே பெயர்த்து ‘புட் தி லைட்’ என்போரும் உளர். ஆகவே, பிறமொழிச் சொல்லைத் தனியே மனனம் செய்யாது, அதன் துணைச்சொல்லோடு சேர்த்துக் கற்போம். பிறர் பிழையில் அவர்தம் மொழியின் அமைப்பைக் காண்பவர், தம் மொழியையும் தெளிவாக அறிவர்.