350 ரூபாயும் 6 மணி நேரமும்

முதலாம் ஆண்டு 350 ரூபாய். இரண்டாம் ஆண்டு 325. மூன்றாம் ஆண்டும் 325. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளின் சேர்க்கை அறிவிப்புகளில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கும் பயிற்சிக் கட்டணம் இது. மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முழுவதற்கும் ஒரு பிள்ளை கட்டுவது 1,000 ரூபாய். அதே அறிவிப்பில் ஊக்கத்தொகையும் இருக்கும்: மாதம் 400 ரூபாய், ஆண்டுக்கு 10 மாதம். மூன்றாண்டில் 12,000. கட்டியதைக் கழித்தால் பிள்ளையின் கையில் 11,000 ரூபாய் நிற்கிறது. இலவசப் பேருந்து அட்டை தனி.

பணத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைவிடத் தாராளமான இசைக்கல்வி அரிது. சேருவதற்கு 7-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். நாகசுரம், தவில், தேவாரம் கற்க விரும்புவோருக்கு எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். ஏழைப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதிய விதிகள் இவை. எழுதியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அறிவிப்பின் கடைசியில் இன்னொரு வரி உண்டு. வகுப்பு நேரம்: காலை 10 முதல் மாலை 4 வரை. வயது: 12 முதல் 25.

12 வயதுப் பிள்ளை காலை 10 மணிக்கு எங்கே இருக்கும்? பள்ளிக்கூடத்தில். அங்கே இருக்கவும் வேண்டும். நாகசுரம் கற்க வேண்டுமானால் அது எட்டாம் வகுப்பை விட வேண்டும். எட்டாம் வகுப்பு வேண்டுமானால் நாகசுரத்தை விட வேண்டும். 12 வயது என்று அறிவிப்பு சொன்னாலும், அந்த 6 மணி நேரம் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. தடையாக நிற்பது கடிகாரம், கட்டணம் அல்ல.

அடுத்தது இடம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், 17 இசைப்பள்ளிகள். சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் உள்ள 4 அரசு இசைக்கல்லூரிகளையும் சேர்த்தால் 21 மாவட்டங்களுக்கு ஏதோ ஒன்று இருக்கிறது. மிச்சம் 17 மாவட்டங்களுக்கு இரண்டும் இல்லை. கன்னியாகுமரி, தென்காசி, தேனி, நீலகிரி, தருமபுரி, அரியலூர், நாகப்பட்டினம் எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. நாகர்கோவில் பிள்ளைக்குத் திருநெல்வேலிப் பள்ளி சுமார் 80 கிலோமீட்டர். பேருந்து அட்டை இலவசம்தான்; போக வர ஆகும் நாலு மணி நேரத்தை யார் தருவது?

சரி, உள்ளூர்ப் பள்ளியிலேயே இசை ஆசிரியர் இருந்தால்? 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதம் 5,000 ரூபாய், வாரத்துக்கு மூன்று அரைநாள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், தோட்டக்கலை, கட்டடக்கலை, வாழ்வியல் திறன், இசை என எட்டுப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான் அந்த எண்ணிக்கை. அரசுப் பள்ளிகளோ 37,000-க்கு மேல். 16,549 பேரும் இசை ஆசிரியர்களாகவே இருந்திருந்தாலும் பாதிப் பள்ளிகளை எட்டியிருக்க முடியாது. 2021-இல் தொகுப்பூதியம் 10,000 ஆனது. கோடை விடுமுறையான மே மாதத்துக்கும் சம்பளம் தாருங்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. தரமான இசைக்கல்வி வேண்டும் என்று பேசுகிற எவரும் முதலில் இந்தக் கோரிக்கையின் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இலவசம் என்று பலகை வைத்தாலே எல்லாரும் வந்துவிடுவார்களா? வெனிசுவேலாவின் ‘எல் சிஸ்டமா’ 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு இசைக்குழு என்றாலே உலகம் அதைத்தான் காட்டும். 2012-13-இல் அங்கே 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரையிலான 2,914 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பிள்ளைகளின் சுயகட்டுப்பாடு ஓரளவு கூடியிருந்தது. தாயின் படிப்பு குறைவாக இருந்த வீட்டுப் பிள்ளைகளிடம் பலன் அதிகம் தெரிந்தது. ஆனால் சேர்ந்தவர்களில் ஏழைகள் 16.7 சதவீதம்தான், அந்தப் பிள்ளைகள் வாழ்ந்த மாநிலங்களில் ஏழ்மை 46.5 சதவீதம். யாருக்கு அதிகம் பலன் தருமோ அவர்களில் பலர் வாசலுக்கே வரவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், அவர்களுக்குத் தோதான நேரத்தில் வகுப்பு இல்லாவிட்டால் இங்கேயும் அதுதான் நடக்கும்.

இனி மணிக்கணக்கு. இசைப்பள்ளியில் சாப்பாட்டு நேரம் போக ஒரு நாளைக்கு 5 மணி, வாரம் 5 நாள், ஆண்டுக்கு 40 வாரம் என்று வைத்துக்கொண்டால் 1,000 மணி. மூன்றாண்டில் 3,000. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தோதாகச் சனி, ஞாயிறு மட்டும் தலா 2 மணி நேரம் நடத்தினால் அதே 40 வாரத்தில் 160 மணிதான் கிடைக்கும். இந்த வேகத்தில் 3,000-ஐ எட்ட ஏறக்குறைய 19 ஆண்டு ஆகும். வார இறுதி வகுப்பைக் குறை சொல்பவர்கள் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை.

பிள்ளையை 12 வயது வரை காக்க வைக்காமல் 7 வயதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 16 முடியும் வரை பத்தாண்டுகள், 1,600 மணி. வீட்டில் நாளுக்கு அரை மணி சாதகம், ஆண்டுக்கு 300 நாள் என்றால் பத்தாண்டில் இன்னொரு 1,500. கூட்டினால் 3,100. பள்ளிப் படிப்பில் ஒரு நாள்கூட இழக்காமல், முழுநேரப் படிப்பின் மணிக்கணக்கை அந்தப் பிள்ளை தாண்டிவிடுகிறது.

இந்தக் கூட்டலில் கிட்டத்தட்டப் பாதி வீட்டுச் சாதகம். அதற்குக் கருவி வீட்டுக்கு வர வேண்டும். ஏழை வீட்டில் கணக்கு இடறுவது இங்கேதான். வயலினையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு வயலினின் உடல் 14 அங்குலம்; 7 வயதுக் கைக்கு அது எட்டாது. கால், அரை, முக்கால் என்று படியேறி முழு அளவுக்கு வருவதற்குள் ஒரு பிள்ளைக்கு மூன்று நான்கு வயலின் ஆகிவிடும். எந்தக் கூலி வீட்டில் அது நடக்கும்? ஆனால் ஒரு பிள்ளை வளர்ந்து விட்ட அரை வயலின் அடுத்த பிள்ளைக்கு அப்படியே ஆகும். நூலகம்போல ஒரு கருவிச்சாலை இருந்தால், அந்த ஒரு வயலின் எத்தனையோ பிள்ளைகளின் கைக்குப் போய்வரும். நாகசுரத்தின் கதை வேறு. அதற்கு மூச்சும் விரல் எட்டும் வேண்டும். 7 வயதில் குரலும் தாளமும்தான், குழல் பிறகு. குழலை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு வரும். அதன் முனையில் வைத்து ஊதும் சீவாளியை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். கருவி கொடுத்துவிட்டுச் சீவாளிக்குப் பணம் ஒதுக்காத எந்தத் திட்டத்திலும் அந்தக் குழல் மூலையில்தான் கிடக்கும்.

புதிதாகக் கட்டடம் கட்டவும் தேவையில்லை. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கானவை. சனி, ஞாயிறுகளில் நடக்கின்றன. பெரும்பாலும் பாட்டு, பரதம், ஓவியம். அங்கே தவிலும் நாகசுரமும் வயலினும் வர வேண்டும், பறையும் வர வேண்டும். ஊர்ப் பிள்ளைகளின் இசை என்று சொல்லிவிட்டுப் பறையைத் தள்ளிவைப்பது பாதி ஊரைத் தள்ளிவைப்பதுதான். ஒவ்வொரு ஒன்றியத்திலும் ஒரு நடுநிலைப்பள்ளி சனிக்கிழமை காலை திறந்திருந்தால் மன்றத்துக்கு இடம் கிடைத்துவிடும். இசைப்பள்ளியில் படித்து முடித்து, கோயில் திருவிழாவையும் கல்யாண முகூர்த்தத்தையும் மட்டும் நம்பி இருக்கும் இளைஞர்களுக்கு அங்கே ஆசிரியர் வேலை காத்திருக்கும்.

உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் மூன்று வரியில் ஒரு தீர்மானம் எழுதச் சொல்லுங்கள்: சனிக்கிழமை ஒரு வகுப்பறை, ஓர் இசை ஆசிரியர், பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போகக் கருவிகள்.