விடை காதைக்குள் இருக்கிறது

தேநீர் கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் கேள்வித்தாளின் அமைப்பைப் பேசிவிடுவோம்.

குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தமிழ் இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றுக்கும் 250 மதிப்பெண், 3 மணி நேரம். எட்டுக் கேள்விகளில் ஐந்துக்கு எழுத வேண்டும். முதலாவதும் ஐந்தாவதும் கட்டாயம். இரண்டாம் தாள் முழுக்க நூல்கள்தான். குறுந்தொகையில் முதல் 25 பாட்டு, புறநானூற்றில் 182 முதல் 200 வரை, சிலம்பில் மதுரைக் காண்டம், கம்பனில் கும்பகருணன் வதைப் படலம், திருப்பாவை முழுதும், பாரதியின் கண்ணன் பாட்டு, ஜெயகாந்தனின் குருபீடம் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலுக்கு மேலே பாடத்திட்டத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: பாடநூல்களை நேரில் படித்திருக்க வேண்டும், திறனாயும் ஆற்றலே சோதிக்கப்படும் என்று. பெரும்பாலோர் அந்தக் குறிப்பைத் தாண்டி நேரே பட்டியலுக்குப் போய், பிறகு கைடு வாங்கக் கடைக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்தக் குறிப்புதான் முக்கியம். கல்லூரியில் இலக்கியம் படித்துப் பருவத் தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும்.

எப்படி என்று ஒரு கேள்வியை வைத்தே பார்ப்போம். 'கோவலன் கொலையுண்டதற்கு ஊழ் காரணமா, அரசனின் பிழை காரணமா? ஆராய்க.' 20 மதிப்பெண். 180 நிமிடத்தில் 250 மதிப்பெண் என்றால் இதற்குக் கிடைப்பது சுமார் 14 நிமிடம். அந்த 14 நிமிடத்தில் நான்கை, இளங்கோவடிகள் யார், ஐம்பெருங்காப்பியங்கள் எவை, மூன்று காண்டம், முப்பது காதை என்று எழுதுவதற்கே பலர் செலவழிக்கிறார்கள். யாரும் கேட்காத செய்திகள் அவை. அதற்கடுத்து, பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளை எழுதிவிட்டுக் கதையைச் சொல்லத் தொடங்கினால், விடை முடியும்போது கேள்வி தொடப்படாமலே கிடக்கும்.

இப்போது கொலைக்களக் காதையைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அரசன் கூத்தைப் பார்த்து மகிழ்ந்ததில் கோப்பெருந்தேவிக்கு ஊடல். தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுகிறாள். அந்த ஊடலைத் தீர்க்க அவள் கோயிலை நோக்கிப் பாண்டியன் நடந்துகொண்டிருக்கும்போதுதான் பொற்கொல்லன் வாயிலில் எதிர்ப்படுகிறான். அரசவையில் வைத்து வந்த வழக்கல்ல. மனம் வேறெங்கோ இருக்கும் ஒருவனிடம், வழியில் வைத்துச் சொல்லப்படும் செய்தி. வினை விளையும் காலம் வந்ததால் பாண்டியன் ஆராயாமல் ஆணையிட்டான் என்கிறார் இளங்கோ. நன்றாகக் கவனியுங்கள்: ஊழும் அரசன் ஆராயாததும் ஒரே தொடருக்குள் வருகின்றன. கேள்வி கேட்டவர் 'இதுவா, அதுவா' என்று பிரித்த இரண்டையும் கவிஞர் சேர்த்தே வைத்திருக்கிறார். கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தவருக்கு இது கண்ணில் படவே வழியில்லை.

சில அடிகள் தள்ளி இன்னொரு இடம். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே, கொல்லப்பட வேண்டியவன் அல்லவே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் விடுவதாக இல்லை. மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்களுக்குத் துணையாகும் எட்டையும் அடுக்கி வாதாடுகிறான். காவலரில் ஒருவன் மழை இரவில் தான் எதிர்ப்பட்ட கள்வனைப் பற்றிச் சொல்கிறான். அந்தப் பேச்சின் நடுவே குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஊழ் மட்டுமே போதும் என்று கவிஞர் கருதியிருந்தால் அந்தத் தயக்கத்தைக் காப்பியத்துக்குள் கொண்டுவந்திருக்க வேண்டியதில்லை. கொலை நின்றுபோயிருக்கக்கூடிய ஒரு நொடியை அவர் நமக்குக் காட்டுகிறார், பிறகு அது நழுவிப்போவதையும் காட்டுகிறார். என்னைக் கேட்டால், உங்கள் விடையின் மையம் இந்த இடம்தான்.

மூன்றாவதாக வழக்குரை காதை. தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். பரல் தெறித்த பிறகு பாண்டியன் ஊழின் மேல் பழி போடுவதில்லை. தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். நான்காவது இடம் கட்டுரை காதை. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனைக் காட்டிக்கொடுத்துக் கொலைக்கு ஆளாக்கியதையும், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் மதுராபதித் தெய்வம் அங்கேதான் சொல்கிறாள். எல்லாம் எரிந்து முடிந்த பிறகு, துயரத்தில் நிற்கும் பெண்ணுக்குச் சொல்லப்படும் விளக்கம் அது. ஊழ் என்ற பதிலைக் காப்பியம் மறுப்பதில்லை. அதே நேரம், அரசனின் பிழையை அழிக்கவும் அதைப் பயன்படுத்துவதில்லை.

அவ்வளவுதான், விடை உருவாகிவிட்டது. முதல் பத்தியிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். 'கோவலன் கொலையில் ஊழையும் அரசன் ஆராயாமையையும் இளங்கோ பிரித்துக் காட்டவில்லை. ஆயினும் கொலைக்களக் காதையின் காட்சியமைப்பு பொறுப்பை மனிதர்கள் மேலேயே வைக்கிறது' என்று இரண்டு வரி போதும். பிறகு அந்த நான்கு இடங்களும் ஒவ்வொரு பத்தியாக வரும். வேறு முடிவுக்கு வந்தீர்களா? ஊழே வலியது என்பதுதான் உங்கள் வாதமா? தாராளமாக எழுதுங்கள். ஆனால் காவலர் தயங்கிய இடத்துக்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் பகுதியை நீங்களே எடுத்துப் பேசினால், நூலைப் படித்திருக்கிறீர்கள் என்பது திருத்துகிறவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

உரைநூல் பற்றி ஒரு சொல். அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. வழக்குரை காதைக்கு அவர் உரை இல்லை. ஆகவே மதுரைக் காண்டம் முழுதுக்கும் ந.மு. வேங்கடசாமி நாட்டார் உரையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூலத்தைப் படியுங்கள், தடுமாறும் இடத்தில் உரைக்குப் போங்கள், மறுபடியும் மூலத்துக்கு வாருங்கள். மெதுவாகத்தான் நகரும். அந்த மெதுவில்தான் மேலே சொன்ன ஒரே தொடர் மாதிரியான இடங்கள் அகப்படும்.

சங்கப் பாட்டுக்கு வேறு வழி. அங்கே கதை இல்லை. யார், யாரிடம், எந்தச் சூழலில் பேசுகிறார் என்பதுதான் எல்லாம். குறுந்தொகை 25ஐ எடுங்கள், கபிலர் பாட்டு. தலைவன் தன்னை மணந்த நாளில் அங்கே வேறு யாருமே இல்லை என்கிறாள் தலைவி. அவன் பொய் சொன்னால் என்ன செய்வேன் என்று கேட்கிறாள். இருந்தது ஒரு குருகு மட்டும், தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு. அதுவும் ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாட்சிக்கு ஒரே ஓர் உயிர், அதன் கவனமும் மீன் மேல்! ஐந்தே அடிகள் கொண்ட இந்தப் பாட்டை உள்ளும் புறமும் அறிந்திருந்தால், களவொழுக்கத்தில் பெண்ணின் அச்சம், கருப்பொருள் உணர்ச்சியைச் சுமக்கும் விதம், கபிலரின் குறிஞ்சி, சங்கக் கவிதையின் சுருக்கம் என்று நான்கு வேறு கேள்விகளுக்கு எழுதலாம். பாடலடிகளைக் கொடுத்து இடஞ்சுட்டி விளக்கச் சொன்னாலும் கை நடுங்காது. புறநானூற்றில் 184ஆம் பாட்டும் இப்படித்தான். யானைக்கு நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு நிலமும் பல நாளுக்கு வரும், அதுவே வயலுக்குள் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம் என்று வரி வாங்கும் அரசனுக்குப் பிசிராந்தையார் சொல்வது. அரசியல், பொருளியல், உவமை, புலவரின் துணிவு, எதைக் கேட்டாலும் இந்தப் பாட்டு கைகொடுக்கும்.

கும்பகருணனைப் பற்றி எழுதும்போது செஞ்சோற்றுக் கடன் என்ற ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. வீடணன் வந்து அழைக்கும்போது மறுக்கும் கும்பகருணன், அதற்கு முன்னால் இராவணனிடமே போய், நீ செய்தது தவறு, சீதையை விட்டுவிடு என்று சொன்னவன். அந்த முதல் பாதியை விட்டால், இரண்டாம் பாதி வெறும் விசுவாசமாகச் சுருங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். அண்ணன் பக்கம் நியாயம் இல்லை என்று தெரிந்தே அவனுக்காகச் சாகப் போகிறவன் என்பதுதான் கம்பன் படைத்த பாத்திரம்.

உரைநடைப் பகுதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கதையையும் நாவலையும் முழுதாக ஒருமுறை படித்துவிட்டு, திருப்பம் நிகழும் இரண்டு மூன்று இடங்களைக் குறித்து வைத்தால் போதும். குருபீடத்தில் பிச்சைக்காரனைத் தேடி ஒருவன் சீடனாக வந்து நிற்கும் இடம் மாதிரி.

குறிப்பேட்டில் ஒரு நூலுக்கு இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் காதை, யார் யாரிடம் பேசுவது, அந்த இடம் எந்தெந்தக் கேள்விக்கு உதவும் என்று மட்டும் இருக்கட்டும். விடைகளை முழுதாக எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். கேள்வி ஒரு சொல் மாறி வந்தாலும் மனப்பாடம் செய்தவரின் கை பழைய விடையைத்தான் எழுதும்.

இன்னொன்று, எழுதிப் பார்ப்பது. கைப்பேசியில் தட்டிப் பழகிய விரல்களுக்கு மூன்று மணி நேரம் தமிழில் கையால் எழுதுவது பெரிய வேலை. வல்லினம் மிகும் இடங்கள், ற-ர, ந-ன-ண எல்லாம் அவசரத்தில்தான் தவறும். வாரத்துக்கு ஒருமுறையாவது கடிகாரத்தை வைத்து 50 மதிப்பெண் கேள்வி ஒன்றை 36 நிமிடத்தில் எழுதுங்கள். எழுதியதை மறுநாள் எடுத்து, ஒவ்வொரு பத்தியிலும் நூலிலிருந்து ஓர் இடமாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத பத்தியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். தேர்வறையில் நேரம் முடிந்ததும், விடை பாதியில் நின்றாலும் கீழே நாலு வரி இடம் விட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். கடைசியில் நிமிடம் மிஞ்சினால் திரும்பி வந்து முடிக்கலாம்.