விளக்கில்லாத றாம் போதும்

பிள்ளைகளுக்கு ஒரு கணனி வேண்டும் என்ற பேச்சு எம்மவர் வீடுகளில் வந்தபடிதான் இருக்கிறது. பாடசாலை வேலை, மொழி வகுப்பு, வேலை விண்ணப்பம் எல்லாம் அதிலேதான். புதியது வாங்கக் கட்டாத நாங்கள், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய கணனியை வாங்கி றாமைக் கூட்டிப் பாவிக்கிறோம். றாம் என்பது கணனியின் வேலை மேசை மாதிரி. மேசை பெரிதானால் வேலை இடறாது. ஆனால் கடைக்குப் போனால் கண் போவது தகடு போர்த்து வண்ண விளக்கு மின்னும் றாமில்தான். பெடியளும் அதைத்தான் கேட்பார்கள்.

விளக்கு வேகத்தைக் கூட்டாது. உலகில் றாம் சிப்புகளில் பெரும்பகுதியைச் செய்பவை சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்றோன் என்ற மூன்று நிறுவனங்களே. மேலே எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இவர்களது சிப்தான். டி.டி.ஆர்.4 க்கு நியம மின்னழுத்தம் 1.2 வோல்ட், டி.டி.ஆர்.5 க்கு 1.1. வீட்டு வேலைக்கு இந்த அளவில் ஓடும் றாமுக்குத் தகடே தேவையில்லை.

உயரமும் ஒரு தொல்லை. வெறும் றாம் ஏறக்குறைய 31 மி.மீ. உயரம். கோர்செயரின் வெஞ்சன்ஸ் ஆர்.ஜி.பி. புறோ 51 மி.மீ. நொக்டுவாவின் என்.எச்.-டி15 என்ற பெரிய குளிராக்கியில் இரண்டு விசிறியும் பூட்டினால் கீழே றாமுக்கு மிஞ்சுவது 32 மி.மீ. தான். பிறகு விசிறியைக் கழற்றுவதா, றாமைத் திருப்பிக் கொடுப்பதா?

2025 பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் றாம் விலை கடுமையாக ஏறியது. அந்த அனுபவத்துக்குப் பிறகும் விளக்குக்குக் காசு கொடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் காசில் கொள்ளளவைக் கூட்டலாம். 16 ஜிகாபைட் வேண்டுமென்றால் ஒரு 16 ஐ விட இரண்டு 8 நல்லது. இரு வழியால் தகவல் போய்வரும்.

இனத்தைக் கட்டாயம் பாருங்கள். டி.டி.ஆர்.3, 4, 5 ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும், பலவந்தமாக அமத்தக்கூடாது. புத்தகமளவு சின்னக் கணனிகள் பலவற்றுக்கு மடிக்கணனி றாம்தான் வேண்டும்.

பழைய சாமான் விற்குமிடத்தில் சேர்வரில் கழற்றிய டி.டி.ஆர்.4 மலிவாகக் கிடைக்கும். அது பொந்துக்குள் அழகாக இறங்கும், ஆனால் சாதாரண கணனி எழும்பாது. ஒட்டியிருக்கும் சீட்டில் பி.சி.4-2400ரி-யூஏ2 என்பதுபோல ஒரு வரி இருக்கும். இரண்டாவது கோட்டுக்குப் பின் 'யூ' வந்தால் எங்களுக்கு, 'ஆர்' வந்தால் சேர்வருக்கு. சியோன் பூட்டிய பெரிய வேர்க்ஸ்ரேஷன்கள் சிலவற்றுக்கு மட்டும் அந்த 'ஆர்' தான் வேண்டும்.

பூட்டும்போது மின் வயரைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, 'கிளிக்' என்று கேட்கும்வரை அமத்துங்கள். பற்றுச்சீட்டை எறிந்துவிடாதீர்கள்.