எல்லைக்கு அந்தப் பக்கம் அடிபட்டால்

சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து ஊர் திரும்பும் கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக்காரர்களுக்கு எலக்ட்ரானிக் சிட்டி, அத்திப்பள்ளி, ஓசூர் வரைக்கும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. தேன்கனிக்கோட்டை தாண்டினால் காடும் கொண்டை ஊசி வளைவுகளும்தான். பல இடங்களில் செல்போன் சிக்னலே கிடையாது. இந்த வழியில் விபத்து நடந்தால் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. “அடிபட்டது கர்நாடகாவில், அந்த ஊர் கோர்ட்டுக்கு யார் அலைவது?” என்று இழப்பீட்டையே விட்டுவிடுகிறார்கள்.

அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவு, விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் மனு போடலாம் என்கிறது. அத்திப்பள்ளியில் கர்நாடக பஸ் மோதியிருந்தாலும் அஞ்செட்டிக்காரர் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். போலீஸ் புகாரும் அப்படித்தான். “எங்கள் எல்லை இல்லை” என்று ஸ்டேஷனில் திருப்பி அனுப்ப முடியாது; 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நாள் கணக்கில்தான் கவனம் வேண்டும். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம். அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அந்த வழக்குகளை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம்.

164-வது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் கிடைக்கும். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166-இன்கீழ் போட்ட வழக்கு காலாவதியாகிவிடும். மாதச் சம்பளம் வாங்கும் இளைஞரின் குடும்பத்துக்கு 166-இல் இதைவிடப் பல மடங்கு வர வாய்ப்புண்டு. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வருந்திப் பயனில்லை. அரசு பஸ் என்றால் பணம் தருவார்களா என்று சந்தேகப்படுகிறவர்கள், இழப்பீடு தராததால் கோர்ட் உத்தரவில் ஜப்தியான பஸ்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பார்கள்.

டிக்கெட்டைக் கசக்கி ஜன்னல் வழியே எறியும் பழக்கத்தை இன்றே விடுங்கள். அந்த பஸ்ஸில்தான் வந்தீர்கள் என்பதற்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் முதல் சாட்சி. ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டு விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) எழுதுவார்கள். “கீழே விழுந்துட்டேன்” என்று மொட்டையாகச் சொல்லாமல் பஸ், இடம், நேரம் மூன்றையும் சொல்லி எழுதவைத்து, ஏ.ஆர். நகலை வாங்கி வையுங்கள். படிக்கட்டில் தொங்கி விழுந்தவர்களுக்கு, அவர்கள் பங்குக்கும் அலட்சியம் உண்டு என்று தொகை குறைக்கப்படலாம்.

சிகிச்சைக்குக் கையில் காசில்லையே என்று தயங்க வேண்டாம். தமிழக எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரத்துக்கு ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு. எல்லைக்கு அப்பால், 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட மத்திய அரசுத் திட்டத்தில் ஏழு நாள் வரை ரூ.1.5 லட்சத்துக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை. தூக்கிச் சென்று சேர்த்தவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்பதும் சட்டம்.

காட்டுக்குள் பஸ் நின்றுவிட்டால் இறங்காதீர்கள். ராகி விளையும் பருவத்தில் பன்னேர்கட்டா யானைகள் இந்தப் பக்கம் இறங்கும். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழுத்திப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் டவர் கிடைத்தால் அழைப்பு போகும்.

ஓசூர் ஆலைகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்கள் கவனிக்க: வீட்டுக்கும் வேலைக்கும் இடையே நடக்கும் விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபணமானால், பணியிட விபத்தாகவே சட்டம் கருதுகிறது. இதைச் சொல்லித்தர எச்.ஆர். ஆட்கள் தேடி வரமாட்டார்கள்.

தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வக்காலத்தோடு நிற்கும் புரோக்கர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கொடுக்காமல், 15100-க்குப் போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். மற்றவர்களில் பலருக்கு வருமான வரம்பு உண்டு.