குளிர் கேட்கும் சர்க்கரை மரம்

பாகு காய்ச்சிப் பழகிய சகோதரிகளுக்கு ஒரு கேள்வி. பார்ப்பதற்குத் தண்ணீர் போலவே இருக்கும் சாறு நாற்பது லிட்டர். அதை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிக் கொண்டே இருந்தால், கடைசியில் கிடைப்பது ஒரே ஒரு லிட்டர் பாகு! உங்களுக்குப் பொறுமை இருக்குமா?

கனடாவின் கியூபெக் மாகாணத்துக் குடும்பங்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது. உலகத்து மேப்பிள் பாகில் பாதிக்கு மேல் அங்கேதான் தயாராகிறது. பூர்வகுடிகளிடமிருந்து குடியேறியவர்கள் கற்றுக்கொண்ட வித்தை அது. 1965-ஆம் ஆண்டில் கனடா தன் கொடியிலேயே மேப்பிள் இலையை வைத்துக் கொண்டது. மேப்பிளில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பாகுக்குப் பெயர் பெற்றது சர்க்கரை மேப்பிள்.

இந்த மரத்தின் பிறப்பே குளிரில்தான். இரண்டிரண்டாகச் சிறகு கட்டிய விதைகள், இலையுதிர் காலத்தில் சுழன்று சுழன்று தரையில் விழுகின்றன. விழுந்ததும் முளைத்துவிடுமா? அதுதான் இல்லை. இரண்டு மூன்று மாதம் ஈரத்திலும் குளிரிலும் கிடந்தால்தான் அவற்றின் தூக்கம் கலையும். உறைநிலைக்கு ஒரே ஒரு டிகிரி மேலே இருக்கும்போது மிக நன்றாக முளைக்கும். பத்து டிகிரியைத் தாண்டினால் முளைப்பது அரிது. நம் வீட்டுத் தொட்டியில் ஊன்றிப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்!

முளைத்த கன்று பெரிய மரங்களின் நிழலில் வருஷக்கணக்கில் பொறுமையாகக் காத்திருக்கும். அடிமரம் 25 சென்டிமீட்டர் குறுக்களவு பெற்ற பிறகே துளை போடலாம். அதற்குச் சுமார் நாற்பது வருஷம் ஆகும். தாத்தா நட்ட மரத்தில் பேரன்தான் சாறு இறக்குகிறான்.

குளிர்காலம் முடியும் தறுவாயில் சாறு ஊறும். இரவில் உறைபனி விழ வேண்டும். அப்போது மரம் வேர் வழியாக நீரை உறிஞ்சிக் கொள்கிறது. பகலில் வெயில் பட்டு உள்ளே உறைந்தது இளகியதும் அழுத்தம் ஏறுகிறது. துளை வழியே சாறு சொட்டுகிறது. இதெல்லாம் சில வாரங்களுக்குத்தான். மொட்டு விரிந்தால் சாற்றின் ருசி கெட்டுவிடும்!

சாற்றில் இருக்கும் சர்க்கரை, மரம் கோடையில் தனக்காகச் சேர்த்து வைத்த உணவு. ஆகையால் பேராசை கூடாது. துளை போட்ட இடத்தைச் சுற்றியுள்ள கட்டையில் மறுபடி சாறு ஓடாது. அடுத்த வருஷம் வேறு இடம் பார்க்க வேண்டும்.

இத்தனை கவனமாகப் பார்த்துக் கொண்டாலும் மரத்துக்குத் துன்பம் வராமல் இல்லை. நிலக்கரிப் புகையால் பெய்த அமில மழை, மண்ணிலிருந்த சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துக் கொண்டு போயிற்று. மேப்பிள்கள் நலிந்தன. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் என்ற காட்டில் 1999-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் ஹெலிகாப்டரில் பறந்து அந்தச் சத்தைத் தூவினார்கள். சில ஆண்டுகளில் மரங்கள் தழைத்தன, கன்றுகளும் பெருகின.

மண்ணுக்கு மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் பூமி சூடேறி வருவதால் இரவுப் பனி குறைகிறதே, அதை எந்த ஹெலிகாப்டரில் கொண்டுவந்து தூவுவது? இன்று கன்று நடும் கியூபெக் தாத்தாவின் கவலை அதுதான். அவர் பேரன் அடுப்பு மூட்டும் நாளில், பனி விழும் இரவுகள் மிச்சம் இருக்க வேண்டுமே!