பாட்டரி முனையை முடுக்கும் முறை

1902-ஆம் ஆண்டில், சிவசமுத்திரத்துக் காவிரி அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. அழுத்தம் மிகுதி, ஓட்டம் குறைவு. ஆதலின் வழியிழப்புச் சிறிது.

மோட்டார் வண்டியின் பாட்டரி இதற்கு நேர்மாறானது. அழுத்தம் 12 வோல்ட்டே. ஸ்டார்ட்டரோ 200 ஆம்பியர் அளவும் இழுக்கக்கூடும். முனையின் போல்ட்டு தளர்ந்து 0.01 ஓம் தடை நேரினும், 2 வோல்ட் அங்கேயே குறையும். முனை சூடேறும், வண்டி கிளம்பாது. இதற்கஞ்சி வலிந்து முடுக்கினாலோ, மென்மையான ஈயமுனை நசுங்கிப் பிளக்கும்.

எனவே முனையைத் தூய்மை செய்து, சிறிய ஸ்பானரால், கைக்கு அசையாத அளவே முடுக்குக. எதிர்மின் முனையை முதலில் கழற்றி, இறுதியில் பூட்டுக. ஸ்பானர் வண்டியுடலில் பட்டாலும் தீப்பொறி எழாது. வண்டியோட்டிப் பிழைப்போர்க்கு இச்சிறு கவனம் ஒரு நாட்கூலியைக் காக்கும்.