கடலில் பட்டு வரும் எதிரொலி

நடுக்கடலுக்கு மேலே பறக்கும் விமானம் கரையிலுள்ள ரேடாருக்கும் விஎச்எஃப் வானொலிக்கும் எட்டாது. அது பெரிதும் நம்பியிருப்பது 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள புவிநிலைச் செயற்கைக்கோளை. அங்கிருந்து வரும் சிக்னல் விமானத்தை இரு வழிகளில் அடைகிறது: ஒன்று நேராக, மற்றொன்று கடல்பரப்பில் பட்டுத் தெறித்துச் சற்றுப் பிந்தி. டிஜிட்டல் செய்தியில் பிழை விழ இந்த எதிரொலியே போதும். சிக்னலின் திறனைக் கூட்டுவதைவிட, பிட்களை அடுக்கும் முறையை மாற்றுவதே இதற்குத் தக்க மருந்து.

விமானம் 10 கிலோமீட்டர் உயரத்திலும் செயற்கைக்கோள் அடிவானத்துக்கு 10 டிகிரி மேலேயும் இருந்தால், எதிரொலி சுமார் 3.5 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணித்து 12 மைக்ரோநொடி பிந்துகிறது. நொடிக்கு 600 பிட் செல்லும் இணைப்பில் ஒரு பிட்டின் ஆயுள் 1,667 மைக்ரோநொடி. அதனால் எதிரொலி அடுத்த பிட்டின்மேல் விழாது. ஆனாலும் பிழை வருகிறது. இந்த இணைப்பு இயங்கும் எல் அலைவரிசையில் அலைநீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். இரு பாதைகளின் வித்தியாசம் 10 சென்டிமீட்டர் மாறினாலே, கூடிய அலைகள் ஒன்றையொன்று குலைக்கத் தொடங்கும். எதிரொலியின் வீச்சு நேர் சிக்னலில் பாதி என்றால், கிடைக்கும் திறன் 2.25 மடங்குக்கும் கால் பங்குக்கும் இடையே ஊசலாடும். அந்தப் பள்ளங்களில்தான் பிட்கள் கொத்தாகத் தொலைகின்றன.

திறனை நான்கு மடங்காக்கினால் பள்ளம் நிரம்புமே என்று கேட்கலாம். இந்த ஒரு கணக்குக்கு அது சரி. ஆனால் செயற்கைக்கோளின் மின்சாரம் அளவானது. வேகம் நொடிக்கு 10 லட்சம் பிட்டானால், எதிரொலி பன்னிரண்டு பிட் தள்ளி இன்னொரு பிட்டின்மேல் விழும். அங்கே திறனைக் கூட்டினால் எதிரொலியும் கூடவே வளரும். ஆன்டெனாவே அதை வடிகட்டாதா? செயற்கைக்கோள் உச்சியில் இருக்கும்போது தெறிக்கும் அலையின் மின்புலம் சுழலும் திசை தலைகீழாகிவிடுவதால் ஆன்டெனா அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. அடிவானத்தருகே அந்த உதவி கிடைக்காது. சிறிய ஆன்டெனாவால் இரு அலைகளையும் திசை பார்த்துப் பிரிப்பதும் கடினம். 70 டிகிரி அட்சரேகையில் புவிநிலைச் செயற்கைக்கோள் 12 டிகிரிக்கு மேல் ஏறாது. வடக்கு வழித்தடங்களின் சிக்கல் அதுதான்.

பிட்களின் வரிசையை மாற்றினால் என்ன ஆகும்? 1950இல் கணிதவியலாளர் ஹேமிங் வெளியிட்ட ஏழு பிட் குறியில், ஒரு பிட் தவறாக வந்தால் திருத்திவிடலாம். அத்தகைய எட்டுக் குறிகளை வரிவரியாக எழுதி, நெடுக்காக அனுப்புவோம். வழியில் தொடர்ந்து எட்டு பிட் அழிந்தாலும், வரிக்கு ஒன்றுதான் போயிருக்கும், எல்லாமே மீளும். விலை, காத்திருப்பு: முழுக் கட்டமும் வரும்வரை படிக்க முடியாது. ஏற்கெனவே கால் நொடி பிந்தும் பேச்சில் அது உறுத்தும். விமானத்தின் இருப்பிட அறிக்கைக்கோ, ஒரு நொடி பிந்தினால் பாதகமில்லை. ஓர் இலக்கம் மாறினால்தான் ஆபத்து.